ஆவாரம்பட்டையும் பாலைவனப் பூட்ஸும்



கீழ்பென்னாத்தூரிலிருந்து மேற்கே திருவண்ணாமலைக்குப் போனாலும், கிழக்கே செஞ்சிக்குப் போனாலும், சாலையோரக் கரம்பு நிலங்களில் மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் ஆவாரஞ்செடியைப் பார்க்காதவர் நம்மில் எவரும் இரார். பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறோம். பூவைக் காயவைத்துக் கொதிக்க வைத்துக் குடிக்கிறோம். ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று நம் பெரியவர்கள் சொல்லியும் வைத்தார்கள். உயிரைக் காக்கும் செடி என்பதே அதற்கு நம் ஊரில் உள்ள பெயர்.

அந்தச் செடியின் பட்டைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அது தோலைப் பதப்படுத்தியது. அந்தத் தோல் கப்பலேறிப் போய், போர்க்களங்களில் நடந்த வீரர்களின் கால்களில் பூட்ஸாக மாறியது. சாவைத் தடுக்கும் செடி, சாவை நோக்கி நடந்தவர்களின் காலுக்குக் கவசமாயிற்று! இந்தக் கதையைச் சற்று விரிவாகப் பார்ப்போம். பாலைவனத்தில் நடக்கும் படைவீரனுக்குக் காலணி என்பது என்ன? அது எங்கிருந்து வருகிறது? அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்?

மணலும் பாதமும்

சித்திரை வெயிலில் களத்துமேட்டில் வெறுங்காலோடு நடந்து பார்த்தவர்களுக்குச் சூடு என்றால் என்னவென்று தெரியும். பாலைவன மணல் அதைவிடக் கொடியது. கோடை நண்பகலில் அந்த மணலின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியசையும் தாண்டிச் சுடும். அதே பாலை குளிர்கால இரவில் உறைநிலைக்கு அருகே போய்விடும். நம் நாட்டின் தார் பாலைவனத்தில் எல்லைக் காவல் புரியும் வீரர்கள் இந்த இரண்டையுமே அனுபவிக்கிறார்கள்.

பாலைவனத்தில் பாதத்திற்குப் பகைவர்கள் மூவர். முதலாவது வெப்பம். வெயிலில் நடக்க நடக்கப் பாதம் வீங்கும். காலையில் சரியாக இருந்த பூட்ஸ் மாலையில் இறுக்கும். இரண்டாவது வியர்வை. மூடிய பூட்ஸுக்குள் ஊறிய தோல் மென்மையாகி எளிதில் உரியும். மூன்றாவது மணல். உள்ளே புகுந்த மணல், உப்புத்தாள் தேய்ப்பதுபோல் அந்த மென்மையான தோலைத் தேய்க்கும். இம்மூன்றும் சேரும்போது கொப்புளம் உண்டாகிறது. வீட்டில் இருப்பவருக்குக் கொப்புளம் ஒரு சிறு தொல்லை. நாளொன்றுக்கு 20, 30 கிலோமீட்டர் சுமையோடு நடக்க வேண்டிய வீரனுக்கோ அது உடைந்து, சீழ் பிடித்து, அவனைப் படுக்கையில் தள்ளிவிடும். அதனால்தான் நடை முடிந்ததும் வீரர்களின் பாதங்களை அதிகாரி ஒருவர் நேரில் பார்வையிடுவது பல படைகளில் வழக்கமாயிற்று.

எடையையும் கவனிக்க வேண்டும். காலில் கட்டிய ஒரு கிலோ, முதுகில் சுமக்கும் ஒரு கிலோவைவிட ஏறத்தாழ நான்கு முதல் ஆறு மடங்கு உடலைக் களைப்படையச் செய்கிறது. ஒவ்வோர் அடியிலும் அந்த எடையைத் தூக்கி, முன்னே வீசி, மீண்டும் ஊன்ற வேண்டியிருப்பதே காரணம். ஆகவே உறுதியும் வேண்டும், இலேசாகவும் இருக்க வேண்டும். மணல் புகக்கூடாது, காற்றும் போக வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இந்தத் தேவைகளை ஒரே காலணியில் நிறைவேற்றத்தான் படைகள் 2000 ஆண்டுகளாக முயன்று வருகின்றன.

உரோமை வீரனின் ஆணிச் செருப்பு

ஆண்டவர் இயேசுவின் காலத்தில் பாலஸ்தீன மண்ணை மிதித்த உரோமைப் படைவீரர்கள் அணிந்தது ‘கலிகா’ என்னும் காலணி. மேற்புறம் தோல் வார்களால் பின்னப்பட்டுத் திறந்திருக்கும். அடிப்பகுதியில் பல அடுக்குத் தோல், அதில் வரிசையாக இரும்பு ஆணிகள். திறந்திருந்ததால் காற்று போகும். புகுந்த மணலும் தானே வெளியேறும். ஆணிகள் அடித்தோல் தேயாமல் காத்தன. படை முகாமில் சிறுவனாக வளர்ந்த காயுஸ் என்பவனுக்கு வீரர்கள் இட்ட செல்லப்பெயர் ‘குட்டிச் செருப்பு’ என்னும் பொருள்படும் கலிகுலா. அவனே கி.பி. 37 முதல் 41 வரை ஆண்ட பேரரசன்.

வழியில் துணை நின்ற அதே ஆணி, வழுவழுப்பான கல்தளத்தில் எமனாக மாறியது. கி.பி. 70-இல் எருசலேம் முற்றுகையின்போது, யூலியான் என்னும் நூற்றுவர் தலைவன் எதிரிகளைத் தனியாகவே துரத்திக்கொண்டு கோவில் முற்றத்துக்குள் ஓடினான். ஆணி அடித்த செருப்பு கல்தளத்தில் வழுக்க, மல்லாந்து விழுந்தான். சூழ்ந்துகொண்டவர்கள் அவனைக் கொன்றார்கள். இதை எழுதி வைத்தவர் அக்காலத்து வரலாற்று ஆசிரியர் பிளேவியுஸ் யோசேப்பு. ஒரு நிலத்திற்கு ஏற்ற காலணி இன்னொரு நிலத்தில் உயிரை வாங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

நம்மவர்கள் பாலைவனத்தில்

பாலைவனப் போர் நமக்குத் தொலைவான செய்தி அன்று. மதராஸ் சாப்பர்ஸ் என்று அழைக்கப்படும், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பொறியாளர் படைப்பிரிவில் நம் தமிழ் வட்டாரங்களைச் சேர்ந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து வந்திருக்கிறார்கள். 1867-68 அபிசீனியப் படையெடுப்பிலும், 1882 எகிப்துப் போரிலும் இவர்கள் இருந்தார்கள். முதல் உலகப் போரில், இன்றைய ஈராக்கான மெசபொத்தேமியாவுக்குப் போனார்கள். 1917 பிப்ரவரி 23 அன்று சும்ரான் வளைவில் டைகிரிஸ் ஆற்றைப் படகுகளில் கடந்து படையினரை அக்கரை சேர்த்த பணியில் மதராஸ் சாப்பர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

வேலூர் நீண்ட கடைவீதியில் உள்ள மணிக்கூண்டைக் கவனித்திருப்பீர்கள். அந்த ஊரிலிருந்து 277 பேர் முதல் உலகப் போருக்குச் சென்றனர், அவர்களில் 14 பேர் உயிர் நீத்தனர் என்று அதிலுள்ள கல்வெட்டு சொல்கிறது. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டைக்கு ‘ராணுவப்பேட்டை’ என்றே பெயர் வழங்குகிறது. வீட்டுக்கு வீடு படைவீரர் என்பது அங்கே இயல்பு. இன்றும் விடுமுறையில் ஊர் திரும்பும் பிள்ளை வாசலில் கழற்றி வைக்கும் பூட்ஸைத் தாய்மார்கள் துடைத்து வைப்பதை நம் பகுதியில் பார்க்கலாம். அந்தப் பூட்ஸ் எங்கெங்கே நடந்தது என்று அவர்களுக்கு முழுதும் தெரியாது. திரும்பி வந்தது என்பதே அவர்களுக்குப் போதும்.

பட்டை போருக்குப் போன கதை

இப்போது ஆவாரைக்கு வருவோம். மாட்டுத்தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, முடி நீக்கி, சதை சீவி, ஆவாரம்பட்டை ஊறிய தொட்டியில் பல நாள் இட்டு, பிறகு கடுக்காய்ச் சாற்றில் நனைத்து, எண்ணெய் பூசிக் காயவைப்பது தென்னாட்டின் பழைய முறை. பட்டையிலுள்ள துவர்ப்புச் சத்து தோலின் நாரோடு இணைந்து, அழுகாமல் காக்கிறது. இப்படிப் பாதி பதமான தோல் சென்னைத் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்குப் போயிற்று. வணிக உலகில் அதற்குக் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்று பெயர்.

முதல் உலகப் போர் மூண்டதும், இலட்சக்கணக்கான வீரர்களுக்குப் பூட்ஸ் தேவைப்பட்டது. பூட்ஸின் மேற்பகுதிக்கு மென்மையும் உறுதியும் கொண்ட தோல் வேண்டும். நம் ஆவாரம்பட்டைத் தோல் அதற்கு மிகவும் ஏற்றதாயிருந்தது. ஆகவே 1916-இல் அரசே இந்தத் தோல் வணிகத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்து, பிரிட்டனின் போர்த்துறைக்கு அனுப்பத் தொடங்கியது. தோல் தொட்டிகள் இரவு பகலாக நிரம்பின. கரம்பில் பட்டை உரித்த ஏழைப் பெண்ணுக்கோ, தொட்டியில் இறங்கித் தோலைப் புரட்டிய கூலியாளுக்கோ, தம் கைப்பட்ட பொருள் எந்த நாட்டு மண்ணை மிதிக்கப் போகிறது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பட்டைக்குப் பதிலாகக் குரோம் உப்பைக் கொண்டு தோல் பதனிடும் புதிய முறையை ஆல்பிரட் சாட்டர்டன் 1903 வாக்கில் சென்னையில் அறிமுகப்படுத்தினார். வாரக்கணக்கில் ஆன வேலை ஓரிரு நாளில் முடிந்தது. தோல் வெப்பத்தையும் ஈரத்தையும் நன்றாகத் தாங்கிற்று. பல்லாவரத்தை அடுத்து எழுந்த குரோம் தோல் கம்பெனியின் பெயரே, இன்று நாம் இரயிலில் கடந்து போகும் குரோம்பேட்டைக்கு வாய்த்தது. வடக்கே கான்பூரில் 1860-களில் தோன்றிய அரசுச் சேணத் தொழிற்சாலையின் வழிவந்த ஆலை, 2021 அக்டோபரிலிருந்து ‘ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட்’ என்னும் அரசு நிறுவனத்தின் கீழ், நம் படையினருக்கான பொருட்களைச் செய்து வருகிறது.

காலணி இழந்தவர்கள்

காலணியின் அருமை அது இல்லாதபோதுதான் தெரியும். மெசபொத்தேமியாவில் கூட் நகரில் முற்றுகையிடப்பட்டிருந்த பிரிட்டிஷ் இந்தியப் படை, உணவின்றி வாடி, 1916 ஏப்ரல் 29 அன்று சரணடைந்தது. ஏறத்தாழ 13,000 பேர் சிறைப்பட்டனர், பெரும்பாலோர் இந்தியர்கள். பட்டினியால் மெலிந்திருந்த அவர்களைக் கோடை வெயிலில் பாலை வழியே வடக்கு நோக்கி நடத்திச் சென்றார்கள். பலரிடமிருந்து பூட்ஸ் பறிக்கப்பட்டது. வேறு சிலர் ஒரு கைப்பிடி உணவுக்காகத் தாங்களே பூட்ஸை விற்றார்கள். கந்தல் துணியைப் பாதத்தில் சுற்றிக்கொண்டு நடந்தவர்கள் வழியெங்கும் விழுந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் திரும்பி வரவில்லை. போதிய மருத்துவ வசதியும் ஏற்பாடும் இன்றிப் படையை அனுப்பிய குற்றத்தை, பிரிட்டனில் அமைக்கப்பட்ட விசாரணை ஆணையம் 1917-இல் கடுமையாகக் கண்டித்தது. ஆனால் மாண்டவர்கள் மாண்டவர்களே.

சப்பலும் கெய்ரோ பூட்ஸும்

இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலையில் நான்காம் இந்தியப் பிரிவு போரிட்டது. மதராஸ் சாப்பர்களும் அதில் இருந்தனர். அப்போது வழங்கப்பட்ட பூட்ஸ் கனமான தோலால் ஆனது. அடியில் இரும்பு ஆணிகள், குதிகாலில் இரும்பு இலாடம். பனிச் சேற்றுக்கு நல்லது. கொதிக்கும் மணலில் அந்த இரும்பே வெப்பத்தை உள்ளே கடத்தும். டாங்கிகளின் இரும்புத் தளத்தில் வழுக்கும். இரவில் கற்பாறைமேல் நடந்தால் ஓசை எழுப்பிக் காட்டிக்கொடுக்கும்.

1940-இல் ரால்ஃப் பாக்னோல்ட் என்னும் அதிகாரி கெய்ரோவில் ஒரு தொலைதூரப் பாலைவன வேவுப் படையை அமைத்தார். மணல் எவ்வாறு காற்றில் நகர்கிறது என்பதை ஆராய்ந்து நூல் எழுதிய அறிஞர் அவர். அவருடைய வீரர்கள் அணிந்தது என்ன தெரியுமா? இந்தியாவின் வடமேற்கு எல்லைப்புறத்தில் பட்டாணியர் அணியும் சப்பல்! கனத்த அடித்தோல், குறுக்கே அகன்ற தோல் பட்டைகள், பின்புறம் வார். உள்ளே புகும் மணலை ஒரு உதறலில் வெளியேற்றலாம். ஆயிரம் ஆண்டுகளாக அந்த நிலத்தில் வாழ்ந்த எளிய மக்களின் அறிவு, பேரரசின் கிடங்கிலிருந்த பூட்ஸை வென்றுவிட்டது.

அதே சமயத்தில் கெய்ரோ கடைத்தெருவில் உள்ளூர்த் தொழிலாளர்கள், மெருகிடாத மெத்தென்ற தோலில், கிரேப் ரப்பர் அடியுடன், கணுக்கால்வரை உயர்ந்த இலேசான பூட்ஸைத் தைத்து அதிகாரிகளுக்கு விற்றார்கள். 1941-இல் பர்மாவுக்கு அனுப்பப்பட்ட நேதன் கிளார்க் என்னும் அதிகாரி, சக அதிகாரிகளின் கால்களில் அதைக் கண்டு, போருக்குப்பின் தம் குடும்ப நிறுவனத்தின் வழியாக 1950-இல் ‘டெசர்ட் பூட்’ என்று விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கு நாகரிகக் கடைகளில் இளைஞர்கள் வாங்கும் காலணி அது. கெய்ரோவில் அதைத் தைத்த கைகளின் பெயர் மட்டும் எந்த ஏட்டிலும் இல்லை.

பூட்ஸால் காக்க முடியாதது

எவ்வளவு நல்ல பூட்ஸும் கண்ணிவெடிக்கு முன் ஒன்றுமில்லை. அப்போரில் பாலைவனம் முழுவதும் இலட்சக்கணக்கில் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. அவற்றைத் தேடி எடுக்க முன்னே நடந்தவர்கள் சாப்பர்கள். காஞ்சிபுரம் வட்டாரத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் அவர்களில் ஒருவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிக்னானோ என்னும் இடத்தில், உடன் வந்தவரின் கால் ஒரு கண்ணிவெடிமேல் பட்டுவிட்டது. மேலெழும்பி வெடிக்கும் வகை அது. இடையில் இருந்தது சில நொடிகள்தாம். சுப்பிரமணியன் அவரைத் தள்ளிவிட்டு, வெடியின்மேல் தானே விழுந்தார். அவர் உயிர் போயிற்று. சுற்றியிருந்த தோழர்கள் பிழைத்தார்கள். ஜார்ஜ் கிராஸ் விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. பிறர் உயிருக்காகத் தன் உயிரைக் கொடுப்பதைவிட மேலான அன்பு இல்லை என்று நாம் கற்றிருக்கிறோம். அதற்கு உரை எழுதியவர் நம் காஞ்சி மண்ணின் மைந்தர்!

1991 கற்றுத் தந்த பாடம்

பணமும் அறிவியலும் நிறைந்த படைகூடத் தவறியதுண்டு. 1990-இல் சவூதி அரேபியாவில் இறங்கிய அமெரிக்க வீரர்களில் பலர் வியட்நாம் காட்டுக்காகச் செய்யப்பட்ட பூட்ஸையே அணிந்திருந்தார்கள். காட்டில் தண்ணீர் வடிவதற்காகப் பக்கவாட்டில் சிறு துளைகள் இருந்தன. பாலையில் அவற்றின் வழியே மணல் புகுந்தது. கூரிய மூங்கில் முளைகளைத் தடுக்க அடியில் எஃகுத் தகடு வைக்கப்பட்டிருந்தது. பாலையில் அது அடுப்புத் தோசைக்கல்லாயிற்று. கறுப்பு நிறம் வெயிலை உறிஞ்சியது. ஆகவே துளை நீக்கி, தகடு நீக்கி, மெருகிடாத மணல் நிறத் தோலில் புதிய பூட்ஸ் வடிவமைக்கப்பட்டது. ஆனால் 1991 பிப்ரவரியில் போர் முடியும்வரை பலருக்கு அது வந்து சேரவேயில்லை. வரைபடத்தின்முன் அமர்ந்து திட்டமிடுவோருக்கு நடப்பவனின் பாதம் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. இது அமெரிக்காவுக்கு மட்டுமா பொருந்தும்?

பாலாறு கொடுத்த விலை

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரம் இன்றும் நாட்டின் தோல் தொழிலில் முன்னணியில் நிற்கிறது. ஆயிரமாயிரம் குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அதுவே சோறு போடுகிறது. ஆனால் ஆவாரம்பட்டை போய்க் குரோம் வந்தபின், கழிவுநீரோடு உப்பும் குரோமியமும் பாலாற்றுப் படுகையில் கலந்தன, கிணறுகள் கெட்டன, தென்னையும் நெல்லும் கருகின. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துபவரே அதற்கான இழப்பையும் ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கையை நாட்டின் சட்டமாக்கியது. ஆனாலும் 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டார்கள்; பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்றுக்காகத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், 28 ஆண்டுகளில் புண் ஆறவில்லை என்றுதானே பொருள்?

இத்தோடு இன்னொரு புண்ணும் உண்டு. தோலைத் தொட்டவனைத் தொடக்கூடாது என்று ஒதுக்கிய சமூகம் நம்முடையது. அவன் செய்த செருப்பு வேண்டும். அவன் மட்டும் வாசலுக்கு அப்பால் நிற்க வேண்டும்! யூத சமூகத்திலும் தோல் பதனிடுவோர் இழிவாகவே எண்ணப்பட்டனர். ஆனால் திருத்தூதர் பேதுரு யோப்பாவில் தங்கியது யார் வீட்டில்? கடலோரத்தில் குடியிருந்த, தோல் பதனிடும் சீமோன் வீட்டில்தான். இதைத் திருத்தூதர் பணிகள் நூல் மறக்காமல் பதிவு செய்திருக்கிறது.

சிந்திப்போம்

அன்புக்குரியவர்களே, அடுத்த முறை ஒரு படைவீரரின் பூட்ஸைப் பார்க்கும்போது, அதில் நடந்தவரை மட்டுமன்றி, அதற்காகத் தொட்டியில் நின்றவரையும், அதைத் தைத்த பெண்ணையும், உப்பான கிணற்று நீரைக் குடித்த குழந்தையையும் நினைத்துப் பார்ப்போம். படையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு நல்ல காலணி வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. அதைச் செய்பவருக்கு நல்ல கூலியும், பாதுகாப்பும், மதிப்பும் வேண்டும் என்று கேட்பது நம் கடமை. நம் தெருமுனையில் குடை நிழலில் அமர்ந்து செருப்புத் தைப்பவரை ‘ஏய்’ என்று அழைக்காமல் ‘அண்ணே’ என்று அழைப்பதிலிருந்து அதைத் தொடங்கலாம்.

போர்க்களத்தில் அதிர்ந்து மிதித்த வீரர்களின் காலணிகள் எல்லாம் நெருப்புக்கு இரையாகும் ஒரு நாளை இறைவாக்கினர் எசாயா கனவு கண்டார். அந்த நாள் வரும்வரை நடப்பவர்களின் பாதங்கள் புண்படாதிருக்கட்டும். நம் கரம்புகளில் ஆவாரை பூத்துக்கொண்டே இருக்கட்டும்.